கதிரையில் இருக்கும் ஜனாதிபதியை விசாரிக்கச் சுதந்திர வழக்குத்தொடுநர்: வன்னியில் இருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். அந்த நாட்களில் இருந்து ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அங்கே ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, பொலிசுக்கு மேல முறைப்பாடு குடுக்கலாம், ஆமிக்கு மேலயும் குடுக்கலாம். ஜனாதிபதிக்கு மேல ஆரிட்டக் குடுக்கிறது?" "ஏலாதம்மா" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டேன். அது பாதிப் பதில்தான். மற்றப் பாதியைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு வருடங்கள் எடுத்தன. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் நேராகச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். இன்றைய இலங்கைச் சட்டத்தின் கீழ், பதவியில் உள்ள ஜனாதிபதியை விசாரித்து வழக்குத் தொடுப்பதற்கென்று சுதந்திர வழக்குத்தொடுநர் ஒருவரை நியமிக்கும் அதிகாரம் ஒருவரிடமும் இல்லை. அதற்குப் புதிய சட்டம் வேண்டும், அரசியலமைப்பிலும் கைவைக்க வேண்டும். அதுவரைக்கும் திறந்திருக்கும் வழிகள் சில உண்டு. அவற்றைத் தவறவிட்டால் பிறகு நல்ல சட்டம் வந்தாலும் கையில் ஒன்றும் இருக்காது.

படி 1: திகதியைப் பிடியுங்கள்

உங்கள் கோவையின் முதல் பக்கத்தில் மூன்று விடயங்களை எழுதுங்கள். சம்பவம் நடந்த திகதி. அன்று ஜனாதிபதியாக இருந்தவர் யார். அவர் செய்தது பதவி சார்ந்த செயலா, தனிப்பட்ட செயலா. இந்த மூன்றும் இல்லாத மனுவை எந்தச் சட்டத்தரணியாலும் நகர்த்த முடியாது.

பதவிக்காலங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மஹிந்த ராஜபக்ஷ 2005 நவம்பர் முதல் 2015 ஜனவரி வரை. மைத்திரிபால சிறிசேன 2019 நவம்பர் வரை. கோட்டாபய ராஜபக்ஷ 2022 ஜூலை வரை. ரணில் விக்கிரமசிங்க 2024 செப்டெம்பர் வரை. அதன்பின் அநுர குமார திசாநாயக்க.

இந்தத் திகதிகள் ஏன் முக்கியம் என்பதை அரசியலமைப்பின் 35 ஆம் உறுப்புரை சொல்கிறது. ஒருவர் ஜனாதிபதியாக இருக்கும் காலத்தில், பதவியின் பேரில் செய்ததற்கும் சரி, சொந்த முறையில் செய்ததற்கும் சரி, அவருக்கு எதிராக வழக்குத் தொடுக்கவும் முடியாது, ஏற்கெனவே தொடுத்ததைத் தொடரவும் முடியாது. இதைத்தான் விடுபாட்டுரிமை என்கிறோம். 'தொடரவும் முடியாது' என்பதன் கனத்தை 2019 நவம்பரில் கண்டோம். தந்தையின் நினைவாக டி.ஏ. ராஜபக்ஷ நூதனசாலை கட்ட அரச பணத்தைப் பயன்படுத்தியதாகக் கோட்டாபய ராஜபக்ஷவுக்கு எதிராக விசேட மேல் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த வழக்கில் இருந்து, அவர் பதவியேற்ற சில நாட்களிலேயே விடுவிக்கப்பட்டார்.

அதே உறுப்புரையின் இரண்டாம் பந்தியை எங்கள் பக்கத்தில் பலர் கவனிப்பதில்லை. வழக்குத் தொடுப்பதற்குச் சட்டம் ஒரு கால எல்லை வைத்திருந்தால், அவர் ஜனாதிபதியாக இருந்த காலம் அந்தக் கணக்கில் சேராது. கதிரையில் இருக்கும்வரை அவருக்கு எதிரான மணிக்கூடு நிற்கிறது, இறங்கியதும் ஓடத் தொடங்குகிறது. 2025 ஓகஸ்ட் 22 ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்க கைது செய்யப்பட்டது, அவர் ஜனாதிபதியாக இருந்த 2023 இல் தனிப்பட்ட முறையில் போன இங்கிலாந்துப் பயணத்துக்கு அரச பணம் செலவழிக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டில். நான்கு நாளில் பிணை கிடைத்தது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். பதவிக்காலத்தில் நடந்ததைப் பற்றிப் பிறகு கேட்கலாம் என்பதற்கு அது கண்முன்னே உள்ள சாட்சி.

இனி எங்கள் மண்ணின் பெரிய கணக்கு. 2009 இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததைப் பற்றிக் கதைக்கும்போது "ஜனாதிபதிக்கு விடுபாட்டுரிமை இருக்கே" என்று எங்களில் படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றைய ஜனாதிபதியின் அந்தப் பாதுகாப்பு 2015 ஜனவரியில் முடிந்துவிட்டது. 2009 இன் வழியை அடைத்து நிற்பது 35 ஆம் உறுப்புரை இல்லை. வழக்குத் தொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் ஏன் தொடுக்கவில்லை என்பதே அங்கே கேள்வி. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456 ஆம் பிரிவின்படி கொலைக்கும் தேசத்துரோகத்துக்கும் கால எல்லை இல்லை, ஏனைய குற்றங்களுக்கு 20 வருடம். 2009 மே மாதத்தோடு 20 ஐக் கூட்டிப் பாருங்கள். ஜனாதிபதியாக இருந்தவருக்கு நின்ற மணிக்கூடு, அவருக்குக் கீழே இருந்தவர்களுக்கு நிற்கவில்லை.

படி 2: இப்போது வழக்குத்தொடுநர் யார் என்று விளங்கிக்கொள்ளுங்கள்

பாரதூரமான குற்றங்களில் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்பவர் சட்டமா அதிபர். அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்பவரும் அவர்தான். அரசுக்கு எதிராக நாங்கள் மனுப் போட்டால் அரசின் பக்கம் நின்று வாதாடுவதும் அவருடைய திணைக்களம்தான். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி, அதற்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். ஒரு மனிதர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், காலையில் ஆலோசனை சொன்னவரையே பின்னேரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லிக் கேட்பது சரியான ஏற்பாடு இல்லை.

இதைப் பிரித்துவைத்த காலமும் இந்த நாட்டில் இருந்தது. 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் அரச வழக்குத்தொடுநர் பணிப்பாளர் என்று ஒரு பதவியை உருவாக்கியது. சில வருடங்களில் ஆட்சியும் அரசியலமைப்பும் மாறியபோது அது போய்விட்டது. 2025 இல் தனியான வழக்குத்தொடுநர் அலுவலகம் அமைக்கும் பேச்சு மறுபடி அமைச்சரவை மட்டத்துக்கு வந்தது. அந்த அலுவலகம் வந்தாலும் 35 ஆம் உறுப்புரை அப்படியே இருந்தால், பதவியில் உள்ள ஜனாதிபதியின் வாசலில் அதுவும் நிற்கத்தான் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

வழக்குத்தொடுநர் என்ற சொல் எங்களுக்கு இன்னொரு வழியாலும் பழக்கம். 2015 ஒக்டோபரில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 30/1 தீர்மானம் விசேட சட்டத்தரணி அலுவலகத்தோடும், பொதுநலவாய மற்றும் வெளிநாட்டு நீதிபதிகள், வழக்குத்தொடுநர்களின் பங்கோடும் ஒரு நீதிப் பொறிமுறையைப் பற்றிச் சொன்னது. இலங்கை அதற்கு இணை அனுசரணை கொடுத்தது. 2020 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அலுவலகம் வரவே இல்லை. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் உடன்படிக்கையில் இலங்கை சேரவில்லை என்பதால் அந்தக் கதவும் நேராகத் திறக்காது.

படி 3: செய்து பார்த்த நாடுகளிடம் கேளுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் ஆறுதலாக நில்லுங்கள். நாளைக்கு ஒரு சட்டமூலம் வந்தால், அது உண்மையானதா வெறும் பெயரா என்று பிரித்தறிய இதுதான் உதவும்.

அமெரிக்காவில் 1973 மே மாதம், எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் திருட்டுத்தனமாகப் புகுந்த வாட்டர்கேட் விவகாரத்தை விசாரிக்க ஆர்ச்சிபால்ட் காக்ஸ் என்ற சட்டப் பேராசிரியரை விசேட வழக்குத்தொடுநராக அந்நாட்டுச் சட்டமா அதிபர் நியமித்தார். காக்ஸ், ஜனாதிபதி நிக்சனின் அலுவலக ஒலிப்பதிவு நாடாக்களைக் கேட்டார். நிக்சன் அவரை நீக்கச் சொன்னார். 1973 ஒக்டோபர் 20, ஒரு சனிக்கிழமை. சட்டமா அதிபர் எலியட் ரிச்சர்ட்சன் மறுத்துப் பதவி விலகினார். அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுசும் மறுத்தார். மூன்றாவது இடத்தில் இருந்த ரொபேர்ட் போர்க் கையெழுத்து வைத்தார், காக்ஸ் வீட்டுக்குப் போனார். மக்களின் கோபம் தாங்காமல் லியோன் ஜவோர்ஸ்கி என்ற இன்னொருவரை நியமிக்க வேண்டி வந்தது. 1974 ஜூலை 24 ஆம் திகதி அந்நாட்டு உயர் நீதிமன்றம் நாடாக்களைக் கொடுக்கச் சொல்லி ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. ஓகஸ்ட் 9 ஆம் திகதி நிக்சன் பதவி துறந்தார்.

அந்தச் சனிக்கிழமையைப் பார்த்துத்தான் 1978 இல் புதுச் சட்டம் செய்தார்கள்: நியமிப்பது மூன்று நீதிபதிகள் கொண்ட குழு, நீக்குவதற்குத் தகுந்த காரணம் வேண்டும். 1988 இல் உயர் நீதிமன்றமும் அதைச் செல்லுபடியாகும் என்றது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் விசாரணைகள் எல்லையில்லாமல் நீண்டன. காணிக் கொடுக்கல்வாங்கல் ஒன்றைப் பற்றித் தொடங்கிய கென்னத் ஸ்டாரின் விசாரணை, ஜனாதிபதி கிளின்டனின் சொந்த வாழ்க்கை வரைக்கும் போனது. 1999 இல் சட்டம் காலாவதியானபோது இரண்டு கட்சியிலும் அதைப் புதுப்பிக்க விருப்பம் இருக்கவில்லை. இன்று அங்கே இருப்பது நீதித் திணைக்களத்தின் ஒழுங்குவிதிகள் மட்டும். ஜனாதிபதித் தேர்தலில் ரஷ்யாவின் தலையீட்டை விசாரிக்க 2017 மே 17 ஆம் திகதி ரொபேர்ட் முல்லர் அப்படித்தான் நியமிக்கப்பட்டார். பதவியில் உள்ள ஜனாதிபதிக்கு எதிராகக் குற்றப்பத்திரம் தாக்கல் செய்வதில்லை என்ற திணைக்களக் கொள்கை இருந்ததால், ஜனாதிபதி டிரம்ப் குற்றம் செய்தாரா என்ற முடிவை முல்லர் எடுக்கவில்லை.

எங்களுக்குக் கிட்டவான பாடம் தென்கொரியாவில் இருக்கிறது. அங்கும் கிளர்ச்சி, அந்நிய நாட்டோடு சேர்ந்து சதி செய்தல் தவிர வேறெதற்கும் பதவியில் உள்ள ஜனாதிபதி மீது குற்ற வழக்குத் தொடுக்க முடியாது. ஆனாலும் 2016 இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. எதிர்க்கட்சிகள் இரண்டு பேரைப் பரிந்துரைக்க வேண்டும், ஜனாதிபதி அதில் ஒருவரைத் தெரிய வேண்டும். ஜனாதிபதி பார்க் குன்-ஹேயே தன்னை விசாரிக்கப்போகிறவரின் நியமனத்தில் நவம்பர் 30 ஆம் திகதி கையெழுத்திட்டார். விசாரணைக்கு 70 நாள். மேலும் 30 நாள் கேட்டபோது, பதில் ஜனாதிபதியாக இருந்தவர் மறுத்துவிட்டார். நீட்டிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதியின் கதிரையிலேயே விட்டதுதான் அந்தச் சட்டத்தின் ஓட்டை. ஆனாலும் அதற்கிடையில் சேர்ந்த ஆதாரம் வீண்போகவில்லை. 2017 மார்ச் 10 ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவிநீக்கியது, அந்த மாதமே கைதானார்.

படி 4: சட்டமூலம் ஒன்று வந்தால் இவற்றைத் தேடுங்கள்

பெயரில் 'சுதந்திர' என்று இருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். நான் முதலில் தேடுவது நீக்கும் பந்தியை. யார் நியமிக்கிறார் என்பதைவிட யார் வீட்டுக்கு அனுப்பலாம் என்பது பெரிய கேள்வி, காக்ஸின் கதை அதுதான். எங்கள் சட்டத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. சட்டமா அதிபரையும் பொலிஸ் மா அதிபரையும் நீக்குவதற்கான 2002 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், விசாரணைக் குழுவும் பாராளுமன்றத் தீர்மானமும் வேண்டும் என்கிறது. 2025 ஓகஸ்ட் 5 ஆம் திகதி பொலிஸ் மா அதிபர் ஒருவர் அந்த வழியில் 177 வாக்குகளால் நீக்கப்பட்டார். சுதந்திர வழக்குத்தொடுநரை நீக்குவதற்கும் குறைந்தது இவ்வளவு கடினமான வழி இருக்கவேண்டும்.

நியமனம் அரசியலமைப்புப் பேரவையின் பெயர்ப் பட்டியலில் இருந்து வரவேண்டும். அந்தப் பேரவையில் 10 பேர், அதில் 7 பேர் பாராளுமன்ற உறுப்பினர்கள். ஆகவே அதற்குள்ளும் அரசியல் இருக்கும். இருந்தாலும் ஜனாதிபதி தனியே தெரிவதைவிட மேல். கால நீடிப்பு நீதிமன்றத்தின் கையில் இருக்கவேண்டும், கொரியா சொல்லித் தருவது அது. எதை விசாரிப்பது என்ற எல்லை நியமனக் கடிதத்திலேயே எழுதப்படவேண்டும், இல்லாவிட்டால் ஸ்டார் போல அலையும். சொந்தப் புலனாய்வாளர்களும் பாராளுமன்றம் நேரடியாக ஒதுக்கும் பணமும் வேண்டும். அறிக்கை தமிழிலும் வெளிவரவேண்டும் என்று நான் சேர்த்துக் கேட்பேன். எங்களைப் பற்றிய எத்தனையோ அறிக்கைகளை எங்கள் ஆட்கள் வாசிக்க முடியாமலே போயிருக்கிறது.

இவற்றுக்காக 35 ஆம் உறுப்புரையைத் திருத்தப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு, அதாவது 225 இல் 150 வாக்கு வேண்டும். சர்வசன வாக்கெடுப்புக் கட்டாயம் என்று 83 ஆம் உறுப்புரை பெயர் சொல்லும் உறுப்புரைகளில் 35 இல்லை. சட்டமூலத்தின் வாசகத்தைப் பார்த்து இறுதி முடிவு சொல்வது உயர் நீதிமன்றம்.

படி 5: இன்றைக்கே உள்ள ஒரே நேர் வழி, 38 ஆம் உறுப்புரை

பதவியில் உள்ள ஜனாதிபதியை விசாரிக்கும் அதிகாரம் இன்று உயர் நீதிமன்றத்துக்கு உண்டு, பாராளுமன்றம் அனுப்பினால் மட்டும். அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறியமை, தேசத்துரோகம், இலஞ்சம், அதிகாரத் துஷ்பிரயோகத்தோடு கூடிய துர்நடத்தை அல்லது ஊழல், ஒழுக்கக்கேடான குற்றம் ஆகியவற்றில் ஒன்றைச் சுட்டி, முழு விவரத்தோடு சபாநாயகருக்குப் பிரேரணை கொடுக்கவேண்டும். 150 பேர் கையெழுத்திட்டால் அவர் எடுத்தாக வேண்டும். பாதிப் பேர், அதாவது 113 பேர் என்றால், விசாரிக்கத் தகுந்த குற்றச்சாட்டு என்று சபாநாயகர் திருப்திப்படவேண்டும். பிறகு 150 வாக்கு, உயர் நீதிமன்ற விசாரணை, குற்றவாளி என்று அறிக்கை வந்தால் மறுபடி 150 வாக்கு. விளைவு பதவி நீக்கம், சிறை இல்லை. ஆனால் நீங்கியதும் விடுபாட்டுரிமை போய்விடும்.

1991 இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராக இந்தப் பிரேரணை வந்தது. சபாநாயகர் எம்.எச். மொகமட் முதலில் ஏற்றார். ஜனாதிபதி பாராளுமன்ற அமர்வை ஒத்திவைத்தார். இடையில் கையெழுத்துகள் பற்றிச் சர்ச்சை எழுந்தது, போதிய செல்லுபடியான கையெழுத்து இல்லை என்று சபாநாயகர் பிறகு நிராகரித்தார். பிரேரணையை ஏற்றபின் பாராளுமன்றத்தைக் கலைக்க அரசியலமைப்பு தடை போட்டிருந்தது, ஒத்திவைக்கத் தடை போடவில்லை. இன்றுவரை ஒரு ஜனாதிபதியும் இந்த வழியில் நீக்கப்பட்டதில்லை.

உங்கள் பங்கு கடிதம் எழுதுவது. யாருக்கு என்பதில் ஒரு கவனம்: மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டத்தவர்கள் வன்னித் தேர்தல் மாவட்ட உறுப்பினர்களுக்கு எழுதவேண்டும். கிளிநொச்சி வன்னி மண் என்றாலும் தேர்தலுக்கு யாழ்ப்பாணத்தோடு. 2024 தேர்தலில் இரண்டுக்கும் 6, 6 ஆசனம். மொத்தம் 12. 150 க்கு முன்னால் இது சின்ன எண்தான், ஆகவே தெற்கின் உறுப்பினர்களுக்கும் சிங்களத்தில் பிரதி அனுப்புங்கள்.

படி 6: ஜனாதிபதியின் செயலைச் சட்டமா அதிபர் ஊடாகக் கேள்வி கேளுங்கள்

2015 இன் 19 ஆம் திருத்தம் 35 ஆம் உறுப்புரையில் ஒரு சன்னல் வைத்தது. ஜனாதிபதி பதவியின் பேரில் செய்த செயல் உங்கள் அடிப்படை உரிமையை மீறினால், சட்டமா அதிபரை எதிர்மனுதாரராகப் போட்டு 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். போர், சமாதானப் பிரகடனம் இதற்குள் வராது. 2018 நவம்பர் 9 ஆம் திகதி சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, இரா. சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர் என்ற பெயரில் பதிவான மனுவில், டிசெம்பர் 13 ஆம் திகதி ஏழு நீதிபதிகள் ஏகமனதாக அந்தக் கலைப்புச் சட்டவிரோதம் என்றார்கள். பொதுமன்னிப்பும் இந்தச் சன்னலுக்குள் வரும். கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்குக் கொடுத்த மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. ஆனையிறவு தாண்டினால் வரும் மிருசுவிலில் 2000 டிசெம்பரில் எட்டுப் பொதுமக்களைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாயை 2020 மார்ச்சில் ஜனாதிபதி விடுதலை செய்தபோதும், அதை எதிர்த்து மனுப் போனது.

கால எல்லை ஒரு மாதம். இதில்தான் வன்னி ஆட்கள் தோற்றுப்போகிறார்கள். செய்தி எங்களுக்கு வந்து, சட்டத்தரணியைப் பிடித்து, இரவு பஸ்ஸில் கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மாதம் முடிந்துவிடும். அதனால் அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தில் முறைப்பாடு பதியுங்கள். அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது என்கிறது 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு. பற்றுச்சீட்டு மட்டும் போதாது. விசாரணை நடக்கிறது என்று ஆணைக்குழுவிடம் கடிதமாக வாங்குங்கள். நான் எழுதிக் கொடுத்த ஒரு மனுவில் இந்தக் கடிதத்தைக் கேட்க மறந்து, ஒரு குடும்பத்தின் வாய்ப்புப் போய்விட்டது. அந்தப் பிழை என்னுடையது, இன்னும் உறுத்துகிறது.

படி 7: கதிரை காலியாகும் நாளுக்காகக் கோவை கட்டுங்கள்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஜனாதிபதி செயலகத்துக்கும் பொருந்தும். தமிழிலேயே கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழு. "ஏன் செய்தீர்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "இந்தத் திகதியில் இந்தக் காணி பற்றி வந்த கடிதத்தின் பிரதி" என்று கேட்டால் கடதாசி வரும், அல்லது இல்லை என்ற பதில் கையெழுத்தோடு வரும். அந்தக் கையெழுத்தும் ஓர் ஆதாரம்.

பணம், சொத்துச் சம்பந்தமானால் 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள், 1954 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். சொத்துப் பிரகடனம் கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலில் ஜனாதிபதியும் இருக்கிறார்.

சாட்சி சொல்பவர்களின் சத்தியக்கடதாசியை அவர்கள் பேசும் தமிழிலேயே எழுதி, சமாதான நீதவான் முன் கையெழுத்து வைத்து, மொழிபெயர்ப்பைத் தனியே சேருங்கள். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் மாறினாலும் மூலம் கையில் இருக்கும். வயதானவர்களின் வாக்குமூலத்தை முதலில் எடுங்கள். அந்தக் கொட்டகையில் இருந்த எத்தனையோ பெற்றோர் பிள்ளையைக் காணாமலே கண்மூடிவிட்டார்கள், அவர்கள் பார்த்ததும் அவர்களோடு போய்விட்டது.

பதவி முடிந்த பிறகு கோவை வேலை செய்யும் என்பதற்கு ஒரு தீர்ப்பு: உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளைத் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று 2023 ஜனவரி 12 ஆம் திகதி உயர் நீதிமன்றம் சொன்னது. அதை அவர் தன் சொந்தப் பணத்தில் இருந்து கொடுக்கவேண்டும் என்பது உத்தரவு.

மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று சட்டத்தரணியிடம், ஒன்று மாவட்டத்துக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம். இடம்பெயர்ந்த காலத்தில் பிறப்புச் சான்றிதழையே தொலைத்தவர்கள் நாங்கள், இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. அந்த அம்மாவை அண்மையில் மறுபடி கண்டேன். பழைய பிளாஸ்டிக் பையைத் திறந்து, கோவையின் முதல் பக்கத்தில் இரண்டு பேருமாகத் திகதியை எழுதினோம். கீழே, 20 வருடம் முடியும் திகதியையும் எழுதச் சொன்னார்.